மும்பையில் முதல் கிட்டார் வாங்குகிறீர்களா? கம்பெனியை அப்புறம் பார்க்கலாம், முதலில் விரலைக் கேளுங்கள்

மாட்டுங்காவில் கேட்டாலும் சரி, செம்பூரில் கேட்டாலும் சரி, புதிதாகக் கிட்டார் கற்கப் போகிறவர் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வர வேண்டிய கேள்வி. ஒரே கம்பெனி, ஒரே மாடல், கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு கிட்டார், அதில் ஒன்று விரலுக்கு இதமாக இருக்கும், மற்றது அழுத்தினாலே கை கடுக்கும். பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து இது தெரியாது.

ஆசையாக வாங்கி மூன்று மாதத்தில் அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டவர்கள் எல்லோர் குடும்பத்திலும் ஒருத்தராவது இருப்பார்கள். கேட்டால் "நமக்கு சங்கீதம் வராது" என்பார்கள். அந்தக் கிட்டாரை இறக்கித் தூசி தட்டி ஒரு கார்டு, அதாவது பல ஸ்வரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி, பிடித்துப் பாருங்கள், பல நேரம் ஸ்ட்ரிங் கட்டைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் நிற்கும், பத்து வருஷம் வாசித்தவருக்கே விரல் நோகும். இந்த உயரத்தைத்தான் கிட்டார்காரர்கள் ஆக்‌ஷன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை, ஆக்‌ஷனை மட்டும் மறக்காதீர்கள்.

கடைக்குப் போகும் முன்: ஸ்டீலா, நைலானா?

அகூஸ்டிக் கிட்டார் என்று கேட்டால் கடைக்காரர் பொதுவாக ஸ்டீல் ஸ்ட்ரிங் போட்டதைத்தான் எடுத்து வைப்பார். பாட்டுப் பாடிக்கொண்டே ஸ்ட்ரம் பண்ணுவது, சர்ச் காயரில் வாசிப்பது, சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடிப்பது, இதற்கெல்லாம் ஸ்டீல்தான் சரி. நைலான் போட்டது கிளாசிக்கல் கிட்டார். ஒலி மென்மையாக, உருண்டையாக வரும், விரலும் குறைவாக வலிக்கும். ஆனால் நெக், அதாவது விரல் வைத்து அழுத்தும் நீளக் கழுத்து, அகலம். மேலே நட் (தலைக்குக் கீழே ஸ்ட்ரிங் உட்காரும் வெட்டுகள் உள்ள சின்னத் துண்டு) இருக்கும் இடத்தில் ஸ்டீல் கிட்டார் சுமார் 43 மில்லிமீட்டர் என்றால் கிளாசிக்கல் சுமார் 52 மில்லிமீட்டர் இருக்கும், சின்னக் கைக்காரர்களுக்கு இது ஆரம்பத்தில் எட்டாது.

குழந்தையை டிரினிட்டி மாதிரி கிரேடு பரீட்சைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் வாங்கும் முன்பே ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். கிளாசிக்கல் கிட்டார் பரீட்சை என்றால் நைலான்தான் வேண்டும். ஸ்டீல் வாங்கி வந்து "இதிலேயே ஸ்ட்ரிங்கை மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. உருப்படியாக மாற்ற முடியாது. நைலான் கிட்டாரில் ஸ்டீல் போடுவதோ அதைவிட மோசம். ஸ்டீல் செட் ஒன்று இழுக்கும் இழுப்பு மொத்தமாக எழுபது கிலோ சொச்சம், நைலான் அதில் பாதியை விடக் கொஞ்சம் கூட. நைலானுக்கென்று கட்டிய மெல்லிய பலகையில் ஸ்டீலை ஏற்றினால், உடம்பில் ஸ்ட்ரிங்கைக் கட்டும் பிரிட்ஜ் என்ற கட்டை பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

தீர்மானிக்க முடியவில்லையா? உங்களைக் கிட்டார் பக்கம் இழுத்த ஐந்து பாட்டை எழுதிப் பாருங்கள். கிட்டார் சலசலவென்று தாளத்தோடு ஓடினால் ஸ்டீல். ஒவ்வொரு ஸ்வரமாக விரலால் மீட்டி மெதுவாக உதிர்ந்தால் இரண்டும் ஒத்துவரும், இரண்டையும் கடையில் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

அளவு

முழு அளவு என்பது சுமார் 40, 41 இஞ்ச். கடையில் அதிகம் தொங்குவது ட்ரெட்நாட் என்ற பெரிய உடம்பு, அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1916-இல் முதலில் செய்தது, ஒலி பெரிதாக வரும் என்பதால் உலகம் பூராவும் அதே வடிவம் பரவிவிட்டது. நெட்டையானவர்களுக்கு அது பிரச்சினையில்லை. கொஞ்சம் சிறிய உடல்வாகு உள்ளவர்கள் அதைத் தொடையில் வைத்து வலது கையை மேலே போட்டால் தோள்பட்டை காதுக்கு ஏறிவிடும், அரைமணி நேரத்தில் முதுகு பிடிக்கும். அவர்கள் கான்சர்ட் என்றோ ஆர்கெஸ்ட்ரா என்றோ சொல்லும், இடுப்பு ஒடுங்கிய வடிவத்தைக் கேளுங்கள். யமஹாவில் எஃப்எஸ் என்று தொடங்கும் மாடல்கள் இந்த வகை. பெண்களுக்கு சின்னது, ஆண்களுக்குப் பெரியது என்று சில கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்கள், அதைக் கேட்காதீர்கள், உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள்.

எட்டிலிருந்து பதினோரு வயதுக் குழந்தைக்கு முக்கால் அளவு. அதற்கும் சின்னவர்களுக்கு அரை அளவு. "வளர்ந்த பிறகும் ஆகட்டும்" என்று பள்ளிச் சீருடை எடுக்கிற மாதிரி பெரிதாக வாங்கினால் குழந்தை முதல் ஃப்ரெட்டையே, அதாவது நெக்கில் குறுக்கே பதித்த முதல் கம்பியையே, எட்டிப் பிடிக்காது.

இடது கைக்காரர்கள்: வலது கை கிட்டாரில் ஸ்ட்ரிங்கை மட்டும் தலைகீழாக மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நட்டில் உள்ள வெட்டுகளும், பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலின் சாய்வும் ஒரு பக்கத்துக்கென்றே செய்தவை. இடது கை மாடல் கடையில் பெரும்பாலும் தயாராக இருக்காது, ஆர்டர் கொடுக்க வேண்டும். இடது கைக்காரர்கள் பலர் வலது கை கிட்டாரிலேயே கற்று நன்றாகவே வாசிக்கிறார்கள், எப்படியும் கார்டு பிடிக்கிற கைக்குத்தானே ஆரம்பத்தில் வேலை அதிகம்.

எவ்வளவு பணம்

மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கு 38 இஞ்ச் கிட்டாரோடு பை, பெல்ட், மீட்டும் வில்லையான பிக், கூடுதல் ஸ்ட்ரிங் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் ஒரு பார்சலாகக் கிடைக்கும். இதில் நல்லதே வராதா என்றால் வரும், ஆனால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஸ்ட்ரிங்கை முறுக்கும் கீ நழுவி ட்யூனிங் நிற்காது, ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கீறும், சிலவற்றில் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டே இருக்காது, நெக் வளைந்தால் நிமிர்த்த வழியில்லை. ட்ரஸ் ராட் இருந்தால் ஒலித்துளைக்குள் கையடக்க டார்ச் அடித்துப் பார்க்கும்போது நெக்கின் முனையில் ஆலன் கீ நுழைகிற ஓட்டை தெரியும். சிலவற்றில் தலைப்பக்கம் ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்கும்.

என் கணக்கில், முடிந்தால் எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை ஒதுக்குங்கள். யமஹா எஃப் 310, கோர்ட் ஏடி 810 போன்றவை இந்த வட்டாரத்தில் வரும், விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். இவை எல்லாமே மேல்பலகை லேமினேட், அதாவது மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது. "சாலிட் டாப் இல்லாவிட்டால் கிட்டாரே இல்லை" என்று யூடியூபில் ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். ஒற்றைப் பலகையில் செய்த சாலிட் டாப் ஒலியில் மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் மும்பை ஈரத்தில் லேமினேட் அதிகம் அசைந்து கொடுக்காது, முதல் கிட்டாருக்கு அது குறையே இல்லை, எனக்குக் கேட்டால் வசதி என்றே சொல்வேன். மேலே போக நினைக்கிறவர்களுக்கு யமஹா எஃப்ஜி 800, ஃபெண்டர் சிடி 60 எஸ் இரண்டும் சாலிட் டாப். கடைக்காரர் சாலிட் என்று சொன்னால் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள், மேலே ஓடும் மரக்கோடு அப்படியே விளிம்பில் இறங்கினால் சாலிட், நடுவில் வேறு நிறத்தில் அடுக்கு தெரிந்தால் லேமினேட்.

ப்ளக் போடும் எலக்ட்ரோ அகூஸ்டிக் இப்போதைக்கு வேண்டாம். அதே விலைக்கு எலக்ட்ரானிக்ஸ் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் மரத்திலும் வேலைப்பாட்டிலும் அந்தப் பணத்தைக் கழித்திருப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டியவர்கள் மட்டும் விதிவிலக்கு, அவர்களும் பிறகு ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பைத் தனியாக மாட்டிக்கொள்ளலாம்.

கடையில்

தென் மும்பையில் தோபி தலாவ்தான் இதற்குப் பழைய இடம். 1865-இல் தொடங்கிய ஃபுர்டாடோஸ் அங்கே இருக்கிறது. மாட்டுங்கா ரோடிலிருந்து ஸ்லோ வண்டி பிடித்தால் மெரின் லைன்ஸில் இறங்கி நடக்கலாம், செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி வந்து நடக்கலாம். வார நாளில் மதியம் போங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் கடைப் பையனும் பொறுமையாக நாலு கிட்டாரை இறக்கிக் காட்டுவான், திரும்பி வரும்போது ரயிலில் கிட்டாரோடு நிற்க இடமும் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் சிஎஸ்எம்டியிலிருந்து புறப்படும் வண்டியில் புதுக் கிட்டாரோடு ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனால் நல்லது. யாரும் கிடைக்காவிட்டால் கவலையில்லை, கீழே சொல்வதைச் செய்ய வாசிக்கத் தெரிய வேண்டாம். கையோடு எடுத்துப் போக வேண்டியவை இரண்டு: மில்லிமீட்டர் போட்ட சின்ன ஸ்டீல் ஸ்கேல், போனில் ஒரு ட்யூனர் ஆப்.

முதலில் ட்யூன் பண்ணச் சொல்லுங்கள். ட்யூன் இறங்கிய கிட்டாரில் ஸ்ட்ரிங் தளர்ந்திருக்கும், எல்லாமே மெத்தென்று இருப்பதாகத் தோன்றும், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ட்யூன் ஆனதும் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு வாருங்கள். ஃப்ரெட் கம்பியின் உச்சியிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். தடித்த ஸ்ட்ரிங்கில் இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய ஸ்ட்ரிங்கில் இரண்டு மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் நல்ல ஆக்‌ஷன். மூன்றைத் தாண்டினால் குறைக்கச் சொல்ல வேண்டும். நைலானில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம்.

அடுத்தது பலர் பார்க்காமல் விடுவது, ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு இதுதான் ரொம்ப முக்கியம். ஒரு ஸ்ட்ரிங்கை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். முடி நுழைகிற அளவு இருந்தால் சரி. நன்றாக இடைவெளி தெரிந்தால் நட்டின் வெட்டுகள் ஆழமாக இல்லை என்று அர்த்தம். நீங்கள் முதல் ஆறு மாதம் வாசிக்கப் போவது முதல் மூன்று ஃப்ரெட்டில்தான், அங்கே ஸ்ட்ரிங் உயரமாக இருந்தால் எஃப் கார்டு ஜென்மத்துக்கும் வராது, வந்தாலும் சுருதி ஏறி ஒலிக்கும். ஆறு ஸ்ட்ரிங்கிலும் இதைச் செய்து பாருங்கள். நட்டை அரம் போட்டுச் சரிசெய்யலாம், சின்ன வேலைதான், ஆனால் தெரிந்தவர் செய்ய வேண்டும், ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும்.

நெக்கைப் பார்க்க, கிட்டாரின் தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து நீளவாக்கில் பார்வையை ஓட்டுங்கள். லேசாக உள்வளைவு இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. முதல் ஃப்ரெட்டையும் 14-ஆவது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு 7-ஆவது பக்கம் பார்த்தால் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி தெரிய வேண்டும். அதிகம் இருந்தால் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்வார்கள்.

பிறகு கொஞ்சம் அலுப்பான வேலை: ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். எங்காவது ஜர்ர் என்று கரகரத்தாலோ ஒலி சட்டென்று செத்துப்போனாலோ அந்த ஃப்ரெட் சமமாக இல்லை. கடைக்காரர் "வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்" என்பார். ஆகாது. நெக்கின் இரு ஓரத்திலும் கையை மேலிருந்து கீழ் வரை தடவிப் பாருங்கள், ஃப்ரெட் முனை குத்தினால் அடுத்த கிட்டாரைக் கேளுங்கள்.

சுருதி சோதனைக்கு ஆப்பைத் திறந்து வையுங்கள். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு மீட்டியவுடன் விரலை எடுத்தால் மணி மாதிரி ஒரு ஒலி வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். முள் நன்றாக விலகினால் எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் மேல் ஃப்ரெட்டுகளில் அபஸ்வரம்தான்.

கடைசியாக பிரிட்ஜ். அதன் பின் ஓரத்தில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள், உள்ளே போனால் ஒட்டு விட ஆரம்பித்துவிட்டது, வேண்டாம். சேடில் என்ற வெள்ளைத் துண்டு பிரிட்ஜுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஆக்‌ஷனைக் குறைக்க அந்தச் சேடிலின் அடியைத்தான் தேய்ப்பார்கள், ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் இறங்கும். சேடில் ஏற்கனவே மட்டமாக இருந்து, அப்படியும் ஸ்ட்ரிங் உயரமாக நின்றால் தேய்க்க இடமே இல்லை, நெக் பொருத்திய கோணமே தப்பு. அந்தக் கிட்டார் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள், அதைச் சரிசெய்கிற செலவு கிட்டார் விலையைத் தாண்டும்.

ஒலியைப் பற்றி இவ்வளவு நேரம் நான் பேசவே இல்லை, கவனித்திருப்பீர்கள். மேலே சொன்னதில் தேறிய இரண்டு மூன்று கிட்டாரை எடுத்து, கடைப் பையனிடம் ஒரே ஒரு எளிய கார்டு வரிசையை எல்லாவற்றிலும் வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் முதுகைக் காட்டி நில்லுங்கள். அவன் திறமையைக் காட்ட ஆரம்பித்தால் எந்தக் கிட்டாரும் தேனாக ஒலிக்கும், அதனால்தான் எளிய வரிசை. எதைக் கேட்டதும் இன்னொரு முறை கேட்கத் தோன்றுகிறதோ அது உங்களுடையது. கடையில் பல மாதம் தொங்கியதன் ஸ்ட்ரிங் துருப்பிடித்து மந்தமாக ஒலிக்கும், பிடித்த கிட்டார் அப்படி இருந்தால் புது ஸ்ட்ரிங் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

பேரம்

விலையில் நூறு இருநூறு குறைக்க மல்லுக்கட்டுவதை விட செட்டப், அதாவது ஸ்ட்ரிங் உயரத்தையும் நெக்கையும் சரிசெய்து தருவதை, கேளுங்கள். "பையா, ஆக்‌ஷன் தோடா கம் கர்கே தீஜியே" என்றால் புரிந்துகொள்வார்கள். கூடவே மெல்லிய ஸ்ட்ரிங் செட் மாட்டித் தரச் சொல்லுங்கள். ஸ்டீலில் வழக்கமான 12 என்ற தடிமன் எண்ணுக்குப் பதிலாக 10 அல்லது 11-இல் தொடங்கும் செட் போட்டால் அழுத்துவது பாதி சுலபம், ஒலி கொஞ்சம் மெலிந்தாலும் ஆரம்பத்தில் யாருக்கு என்ன. செட்டப் முடிந்ததும் மறுபடி ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில், வாரன்டி அட்டை இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

திணிப்பு உள்ள பை அவசியம், மெல்லிய துணிப்பை மழைக்கும் உதவாது ரயிலுக்கும் உதவாது. பிக் நாலைந்து, தலையில் கவ்வும் ட்யூனர் ஒன்று. நெக்கில் மாட்டிச் சுருதி ஏற்றும் கவ்வியான கேப்போ பிறகு வாங்கலாம். மற்றதெல்லாம் கடைக்காரர் பிழைப்பு.

ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்றால், திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், மேலே சொன்ன சோதனை எல்லாவற்றையும் அன்றைக்கே செய்யுங்கள். செட்டப் செலவுக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள், கம்பெனியிலிருந்து நேராக வருவதில் ஆக்‌ஷன் பெரும்பாலும் உயரமாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு, முக்கியமாக மழைக்காலத்தில்

கிட்டாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். ஜூலை மாத மும்பையில் எண்பதைச் சாதாரணமாகத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், மேல்பலகை பிரிட்ஜ் பக்கம் மேலெழும், அதோடு ஸ்ட்ரிங்கும் ஏறும். ஜனவரியில் வெண்ணெய் போல இருந்த கிட்டார் ஆகஸ்டில் முரண்டு பிடித்தால் உங்கள் விரல் பலவீனமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் கிட்டாருக்குள் ஹியூமிடிஃபையர் வைக்கச் சொல்வார்கள், அது பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டு அறை காய்ந்துபோகிற ஊர்களுக்கு. இங்கே அதற்கு நேர் எதிர் வேலை: பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போட்டு, நிறம் மாறினால் மாற்றி, ஜிப்பை மூடி வையுங்கள். ஓதம் ஏறும் வெளிச்சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் தரையிலும் வேண்டாம். நாள் முழுக்க ஏசி ஓடும் அறை என்றால் ஈரப்பிரச்சினை அவ்வளவாக இருக்காது. தில்லியில் இருக்கும் சொந்தக்காரருக்கு இதே யோசனையை அனுப்பாதீர்கள், அங்கே வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி ஃப்ரெட் முனை வெளியே நீட்டும், அவர்களுக்கு வேண்டியது வேறு.

வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஸ்ட்ரிங்கின் மேலும் அடியிலும் துடைத்துவிடுங்கள். வியர்வையும் கடல் காற்றும் சேர்ந்தால் சாதாரண ஸ்ட்ரிங் சீக்கிரம் துருவேறும், துருவேறிய ஸ்ட்ரிங் விரலைக் கீறும். எலிக்ஸர் போன்ற பூச்சுள்ள ஸ்ட்ரிங் விலை கூட, ஆனால் இந்த ஊரில் அது தாங்கும் காலத்தைப் பார்த்தால் கட்டுப்படியாகும்.

புது ஸ்ட்ரிங் முதல் சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், காலையில் ட்யூன் பண்ணினால் மாலையில் இறங்கியிருக்கும், கிட்டார் கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். விரல் நுனி இரண்டு மூன்று வாரம் எரியும், பிறகு தோல் கெட்டிப்படும். ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது நிமிஷம் போதும், எரிச்சல் அதிகமானால் ஒரு நாள் விடலாம். வலி விரல் நுனியில் இல்லாமல் மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வந்தால் மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் கிட்டாரைப் பிடிக்கிற விதத்தையும் 12-ஆவது ஃப்ரெட் உயரத்தையும் ஆசிரியரிடம் காட்டுங்கள்.